மனு கொடுத்தவருக்குச் சோறு

ஓய்வுபெற்ற ஏட்டு சௌந்தரபாண்டியனுக்கு யாரையும் லேசில் நம்பும் வழக்கமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எதிர்வீட்டுக்குக் குடிவந்த எட்வின், வாரந்தோறும் பத்துப் பேரைக் கூட்டி ஜெபம் நடத்தத் தொடங்கியதும், மதம் மாற்ற ஆள் சேர்க்கிறான் என்று போலீசில் மனு கொடுத்தார். விசாரித்தவர்கள் தவறேதும் இல்லையென்று போய்விட்டார்கள்.

அடுத்த மாதம் அவர் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. மனைவி இல்லை, மகன் பட்டாளத்தில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எட்வின்தான். பிறகு அந்தப் பத்துப் பேரும் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். அவர்களில் மில் வேலைக்குப் போகும் ஜாஸ்மின் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஒவ்வொரு தூக்குவாளியிலும் துண்டுப்பிரசுரம் இருக்கிறதா என்று அவர் தேடினார். குழம்புதான் இருந்தது.

நாற்பதாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

“ஏலே எட்வின், மனு எழுதினது யாருன்னு தெரியுமா?”

“தெரியும்யா. நீங்கதான்.”

“பொறவு எதுக்குலே சோறு? என்னய ஞானஸ்நானம் எடுக்க வைக்கவா?”

“வந்தா சந்தோசந்தான்யா. வராட்டியும் சோறு வரும். இயேசு சொன்னத வாரம் பூரா படிக்கோம், செய்யாம எப்படி இருக்க?”

ஆசையை அவன் மறைக்கவில்லை. கேட்டதும் உண்மையைச் சொல்லும் ஆளை விசாரித்து ஏட்டுக்குப் பழக்கமில்லை. சந்தேகம் முழுதாகப் போகவுமில்லை.

“நாளைக்கு நீயும் இங்கயே ஒக்காந்து சாப்புடு” என்றார்.