நண்டுக் காலில் ஒரு கோடு

பொருத்துத் தெரிகிற உருவத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். தேற்றாத்தீவில் வீட்டிலிருந்தபடியே, வெளிநாட்டு வீடியோ கேம் ஒன்றுக்குக் கணினியில் உருவங்கள் செதுக்குவது என் தொழில். அன்று ஒரு ராட்சத நண்டு. உடலையும் கால்களையும் தனித்தனியாகச் செய்து ஒட்டியிருந்தேன். ஒட்டிய இடங்களில் தெரிந்த கோடுகளை, விடிந்ததிலிருந்து திரையில் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து மறைத்தேன். உடல் எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது என்று இனி எவனாவது கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம்!

மத்தியானம் குசினியில் மனைவி கத்தினாள். சமைக்க வாங்கிய, களப்புத் தண்ணீரில் பிடித்த நண்டுகளில் ஒன்றைக் கட்டவிழ்த்து, காலில் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். கால் கையோடு வந்துவிட்டது. நண்டு கீழே விழுந்து அடுப்புக்குக் கீழே ஓடிவிட்டது.

அந்தக் காலை வாங்கிப் பார்த்தேன். கழன்ற இடம் கத்தியால் வெட்டியதுபோல் சீராக இருந்தது. சட்டியில் கிடந்த மற்ற நண்டுகளைப் புரட்டினேன். ஒவ்வொரு காலிலும், உடலுக்குக் கிட்ட, அதே இடத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

"நண்டு அங்க ஓடுது, நீங்க இஞ்ச காலப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்களா?"

"இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டுக் கணினிக்கு ஓடினேன்.

பிடிபட்டால் காலைக் கழற்றிவிட்டுத் தப்புவதற்கு நண்டு உடம்பிலேயே வைத்திருக்கிற கோடு அது. திரையில் என் நண்டு வழவழவென்று நின்றது. அதைக் காலில் பிடித்தால், தப்ப வழியே இல்லை.