கத்தி எடுக்காத சலூன்

என் தங்கையின் கணவர் சலூன் வைத்திருக்கிறார். எனக்கு யாரையும் லேசில் புகழ வராது. ஆனாலும் சொல்கிறேன், அவர் சவரம் செய்தால் கத்தி பட்டதே தெரியாது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் பாதி சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஒரு கன்னத்தில் நுரையோடு விழித்த வாடிக்கையாளரை நான்தான் சமாதானம் செய்து அனுப்பினேன்.

'இந்தக் கழுத்தை அறுத்துவிடுவாய்' என்று ஓர் எண்ணம் வந்து அவரைப் பிடித்துக்கொண்டதாம். எறும்பைக்கூட மிதிக்காத மனிதர்! வேண்டாத எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோய் இது, இப்படிப்பட்டவர்களைப் பயமுறுத்துவதுதான் அதன் வேலை என்றார் நாங்கள் அழைத்துப்போன மனநல டாக்டரம்மா.

மாத்திரை, வாராவாரம் பேச்சு. அவ்வப்போது கேள்விகள் கேட்டு நோயின் தீவிரத்துக்கு மதிப்பெண் போடுவார்கள்; குறைந்தால் நல்லது. முப்பதில் இருந்தது பன்னிரண்டுக்கு இறங்கியது. தங்கைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நம்பர் நல்லா இறங்கியிருக்கு. கத்திய எடுத்தீங்களா?"

இல்லை என்று மாப்பிள்ளை தலையாட்டினார். கத்தியைப் பெட்டியில் பூட்டி, சாவியைத் தங்கையிடம் கொடுத்திருந்தார். கடையில் எல்லாம் மெஷின்தான். கத்திப் பக்கமே போகாதவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? இறங்கியதில் பாதி அந்தப் பூட்டு செய்த வேலை. நாங்கள் அதற்குத்தான் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

"எது திரும்பி வந்தா சரியாயிட்டேன்னு சொல்வீங்கன்னு முதல் நாளே கேட்டேனே, என்ன சொன்னீங்க?"

"மச்சானுக்கு ஷேவிங் பண்ணணும்னு சொன்னேன். அவர் கழுத்த நெனச்சாத்தான் எனக்கு ரொம்பப் பயம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழுத்துக்குச் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அடுத்த வாரத்திலிருந்து டாக்டரம்மா சொன்னபடி மாப்பிள்ளை பழகத் தொடங்கினார். முதலில் கத்தியைச் சும்மா கையில் பிடித்திருந்தார். பிறகு நுரை தடவிய பலூனைச் சவரம் செய்து பார்த்தார். அது வெடித்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. அப்புறம் தன் முகம். ஒரு ஞாயிறு காலை, என் முறை வந்தது.

வீராப்பாக நாற்காலியில் ஏறிவிட்டு, கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டேன். கத்தி கழுத்தில் பட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவர் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. கை மட்டும் நிற்கவில்லை.

"மாப்ளே, அந்த நெனப்பு வருதா?" என்று மெல்லக் கேட்டேன்.

"வந்துருச்சு மச்சான். அறுத்துடுவ, அறுத்துடுவன்னு இப்பவும் சொல்லிக்கிட்டேதான் இருக்கு."

"அப்ப?"

"சொல்லட்டும். எனக்கு வேலை இருக்கு. தாடையத் தூக்குங்க."

மலைத்துப்போனேன். பயம் போன பிறகுதான் கத்தியைத் தொடுவார் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் அதைக் கூடவே வைத்துக்கொண்டு, கோணாமல், கீறாமல் என் கழுத்தை மழித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை பெரிய தைரியத்தை இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

தாடையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டேன்.