முனியாண்டிக்கு மாம்பழ ஷாண்டி

கோடை என்ற ஒன்றே இல்லாத ஊரில் கோடைக்காலச் சிறப்புப் பானம் விற்கிறார்கள் என்று சொன்னால் ஊரில் இருக்கிற நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள். கோலாலம்பூரில் பன்னிரண்டு மாதமும் அதே வெயில், நாலு மணியானால் அதே மழை. நம்முடைய அக்கினி நட்சத்திரத்துக்கு இங்கே ஒரு மரியாதையும் கிடையாது. அப்படியிருந்தும் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் சூப்பர்மார்க்கெட்டின் குளிர்பெட்டியில் ஒருநாள் மஞ்சள் டின்கள் வரிசைகட்டி நின்றன. மேலே ‘சம்மர்’ என்று கொட்டை எழுத்து, கீழே அறுத்து வைத்த மாம்பழம், பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. பாட்டன் காலத்துக் கம்பெனி என்று பெருமையாக ஒரு முத்திரை வேறு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கலாமே என்று ஆறு டின்னை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டேன்.

கல்லாவில் முக்காடு போட்ட மலாய்ப் பெண். அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் ஒழுங்காகப் போயின. டின் வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். “காக், இனி சாயா தக் போலே,” என்றாள். எனக்குத் தெரிந்த பத்து மலாய் வார்த்தைகளில் ‘தக் போலே’யும் ஒன்று. முடியாது என்று அர்த்தம். கார்டு மெஷின்தான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்துப் நூறு ரிங்கிட் நோட்டை நீட்டினேன். தலையை ஆட்டினாள். விலை தெரியவில்லை போலிருக்கிறது, பாவம் என்று டின்னைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். நான் விடுவேனா?

“வசந்தி! அது ஷாண்டி லா!” என்று வரிசையில் பின்னாலிருந்து பத்மா அக்காவின் குரல். எதிர்வீட்டுக்காரர், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், பள்ளிக்கூட ஆபீசில் வேலை. “பீர் கலந்தது. அந்தப் பிள்ள முஸ்லிம், தொடாது. அந்தப் பக்கம் சீனர் கவுண்டருக்குக் கொண்டு போ.”

நான் எந்தப் பக்கமும் கொண்டுபோகவில்லை. பல்லி மேலே விழுந்தது போல ஆறையும் அங்கேயே உதறிவிட்டு, அந்தப் பெண்ணிடம் ‘சாரி’ என்று நாலு தரம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாம்பழப் படத்தைப் போட்டு இப்படியா ஏமாற்றுவது? சாமி படம் போட்டு லேகியம் விற்கிறவன்கூட இதைவிட யோக்கியன். அக்கா சிரித்தார். “தீபாவளிக்கு எங்க வீட்டுல ஆன்டிங்க எல்லாம் இதத்தான் குடிப்பாங்க. இதப்போய் பயந்துக்கிட்டு!”

என் பயம் அக்காவுக்குத் தெரியாது. இங்கே யாருக்குமே தெரியாது. பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் கதிரேசனை எல்லோரும் அமைதியானவர், தங்கமானவர் என்கிறார்கள். மதுரையில் இருந்தபோது அந்தத் தங்கம் எத்தனையோ நாள் எங்கள் தெருமுனையில் கிடந்திருக்கிறது. சனிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு கிழமையே இல்லாமல் போனது. ஒரு வேலை போயிற்று. என் மாமியார் அவரைக் கையைப் பிடித்து எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அய்யனார் சுத்த சைவம். பக்கத்திலேயே நிற்கும் கருப்பன் கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்வார், அது அவர் பாடு. அய்யனார் முன்னால் சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ண வைத்து, பூசாரி இவருடைய வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். நம் பக்கம் குடியை விடுகிறவர்களுக்குக் கயிறு கட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே. கயிறு கையில் இருக்கும்வரை தொடக்கூடாது. தொட்டால் அய்யனார் பார்த்துக்கொள்வார். மூன்று வருடமாக அந்தக் கயிறு இருக்கிறது. அதை நம்பித்தான் கடல் தாண்டி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் மாமியார் போனில் வந்துவிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார். “அவன் தொடலையே?” என்றுதான் கேட்பார்.

அடுத்த ஞாயிறு பத்மா அக்கா எங்களைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனார். அவருடைய அண்ணன் சேகர் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னால் மரத்தடியில் குடும்பத்து முனியாண்டி. வருடத்துக்கு ஒருநாள் பூசை, அன்றைக்குச் சேகர் அண்ணனே பூசாரி. நெற்றி நிறைய விபூதியோடு கறுப்பு ஜீன்ஸ் போட்ட பூசாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். படையலில் கோழிக் குழம்பு, முட்டை, சுருட்டு, நடுவில் என் பழைய எதிரி. மஞ்சள் டின், வெட்டிய மாம்பழம், சம்மர்.

“வருஷா வருஷம் கறுப்பு பீர்தான் வைப்போம்,” என்றார் சேகர் அண்ணன். “சாமிக்கும் கசப்பு போர் அடிச்சிருக்கும்ல? இந்த வருஷம் மாம்பழம் குடிக்கட்டும் லா.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான். தீபாராதனை முடிந்ததும் அண்ணன் டின்களை உடைத்து எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்ற ஆரம்பித்தார். முனியாண்டி பிரசாதம். புதிதாக வந்த விருந்தாளிக்குத்தான் முதல் டம்ளர்.

“நான் குடிக்கிறதில்லண்ணே,” என்றார் இவர்.

“குடியா? இது ஷாண்டி. சின்னப் பிள்ளைங்களுக்கே தொட்டு வைப்போம். சாமி குடுத்தத வேணாங்கக் கூடாது தம்பி.”

இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். டம்ளர் விளிம்புக்குக் கீழே கறுப்புக் கயிறு. ‘என் புருஷன் குடிகாரர், கொடுக்காதீர்கள்’ என்று பத்துப் பேர் நடுவில் சொன்னால் மூன்று வருடமாக இவர் சேர்த்து வைத்த மரியாதை போய்விடும். சொல்லாவிட்டால் மூன்று வருடமே போய்விடும். கீழே ஊற்றவும் முடியாது, பிரசாதம். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மதுரையில் பொய் சொல்வதற்கு ஒரு நிமிடம் முன்னால் வரும் பார்வை.

“சாமியே குடிக்குது,” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “ஒரு மடக்குதான.”

ஒரு மடக்கா! வந்த ஆத்திரத்தில் டம்ளரைப் பிடுங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். நான் பிறந்தது முதல் நாக்கில் படாத ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மாம்பழம். பழம் இல்லை, பள்ளிக்கூட வாசலில் விற்ற மாம்பழ ஐஸ். பிறகு எலுமிச்சைப் புளிப்பு, மூக்கில் ஏறும் நுரை. எல்லாம் போன பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு, நீராகாரம் புளித்தால் வருமே, அந்த வாசனை. எனக்குத் தெரிந்த வாசனைதான். எத்தனை வருடம் இவர் சட்டைகளை அதோடு ஊற வைத்துத் துவைத்திருக்கிறேன். பாவிகள், அதற்கு மாம்பழச் சொக்காய் மாட்டிவிட்டிருக்கிறார்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நன்றாக இருந்தது.

“தங்கச்சிக்குப் பிடிச்சிருச்சுடோய்!” என்று சேகர் அண்ணன் குதூகலமாக அதே டம்ளரை நிரப்பி மறுபடி இவர் கையில் கொடுத்தார். “தம்பி, இது உங்களுக்கு.”

அதையும் வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்ய? மூன்றாவது டின்னை அண்ணன் எடுத்தபோது பத்மா அக்கா எழுந்து வந்தார். அவர் கண் இவர் மணிக்கட்டில் நின்றது. அங்கிருந்து என் முகத்துக்கு வந்தது. அண்ணன் கையிலிருந்து டின்னை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, ஒரு டம்ளரில் ரோஸ் கலர் சிராப் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு சிட்டிகை விபூதி போட்டு இவரிடம் நீட்டினார்.

“இதுவும் சாமிக்கு வச்சதுதான் தம்பி. குடிங்க.” என் காதோடு, “எங்கப்பாவும் கட்டியிருந்தாரு,” என்றார். அவ்வளவுதான். அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன், விழுந்தால் எழுந்திருப்பேனா என்பதுதான் சந்தேகமாக இருந்தது.

மூன்று மணி ரயிலில் பத்மா அக்காவோடு திரும்பினோம். இரண்டு டம்ளர் ஷாண்டிக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அப்புறம் சொன்னார்கள். நாற்பது வருடம் மோர் மட்டும் குடித்த உடம்புக்கு அது தெரியவேண்டாமா? ஷா ஆலாம் வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவரின் குடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். கே.எல். சென்ட்ரலில் அக்கா முன்னால் போய்விட, படி இறங்கும்போது இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மதுரையில் எத்தனை ராத்திரி இதே மாதிரி நான் இவரைப் பிடித்துப் படி ஏற்றியிருக்கிறேன் என்று நினைத்ததும் சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது.

“நீ பிடுங்கலேன்னா குடிச்சிருப்பேன் வசந்தி,” என்றார் இவர், பாதிப் படியில் நின்று. “ஒண்ணோட நின்னிருக்க மாட்டேன்.”

“தெரியும்,” என்றேன். மூன்று வருடத்தில் இவர் சொன்ன மிகப் பெரிய உண்மை அதுதான். அய்யனார் கயிற்றைவிட அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன். வீடியோவில் மாமியார், பின்னால் அய்யனார் காலண்டர். வாடை கடல் தாண்டிப் போய்விடும் என்கிற மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“என்னடி, சளியா?”

“ஆமாத்தே. இங்க மழை.”

“அவன் தொடலையே?”

“தொடலத்தே. அய்யனார் மேல சத்தியமா அவர் தொடல.”

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ நல்லா இருக்கணும்டி. அங்க அவனுக்கு யாரு இருக்கா? நீதான் அவனுக்குக் காவல் தெய்வம்.”

இவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். எதிர்வீட்டிலிருந்து பத்மா அக்கா, “வசந்தி, படையல்ல மிச்சம் ஒரு டின் இருக்கு, உனக்கு மட்டும் கொண்டாரவா?” என்று வாசலில் நின்று கத்தினார். போனில் மதுரை அய்யனார், வாசலில் கிள்ளான் முனியாண்டியின் டின். இரண்டுக்கும் நடுவில் நின்ற காவல் தெய்வத்துக்கு ஓர் ஏப்பம் வந்தது. மாம்பழ வாசனை.