தகட்டுக்கு விசிறியவர்

புயல் போய்விட்டது. அமெரிக்காவில், பேர்லேண்டில் எங்கள் தெருவுக்கு மட்டும் இன்னும் கரண்ட் வரவில்லை. கராஜில் உட்கார்ந்து, ஒரு பழைய கார் பேட்டரியிலிருந்து ரூட்டருக்கு ஒன்பது வோல்ட்டும் மகளின் போனுக்கு ஐந்து வோல்ட்டும் பிரித்துக்கொடுத்திருந்தேன். வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர்களைத் திருகி முடுக்கியிருந்த அலுமினியத் தகடு விரலைச் சுட்டது. அலுப்போடு ஒரு பீட்சா அட்டையை எடுத்து அதற்கு விசிறத் தொடங்கினேன்.

ஈரோட்டில் அப்பாவும் இப்படித்தான் விசிறுவார். மின்வெட்டு வந்தால் எங்களுக்கு ஒரு லாரி பேட்டரிதான் கதி. விளக்குக்குப் பன்னிரண்டு வோல்ட், ரேடியோவுக்கு ஒன்பது, அக்காவின் டேப் ரிக்கார்டருக்கு ஆறு. குறைத்த வோல்ட்டெல்லாம் சூடாகத் தகட்டில் ஏறும். சூடு மிஞ்சினால் ரேடியோ நின்றுவிடும். அதனால் வீட்டில் இருந்த ஒரே விசிறி தகட்டுக்குத்தான்.

"ஏனுங்க, சட்டை தொப்பலா நனைஞ்சிருச்சுங்களே" என்பாள் அம்மா.

"ரேடியோ நின்னா புள்ளைங்க ரெண்டும் கத்தும். நீ போ."

அம்மா போகமாட்டாள். பின்னால் நின்று முந்தானையால் அவருக்கு விசிறுவாள்.

மகள் வந்து போனைக் கழற்றிக்கொண்டாள். "ஜஸ்ட் பை எ ஜெனரேட்டர், அப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் சட்டையும் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் கார் மட்டும் நின்றுகொண்டிருந்தது.