தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

எனக்கென்று ஒரு அறை இருந்தது மொத்தம் ஏழு மாதம்தான். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அப்பா வாங்கிய வீட்டில், வாசலுக்கு நேர்மேலே இருந்த மிகச் சிறிய அறை. கட்டிலைப் போட்ட பிறகு கதவு முழுதாகத் திறக்காது. ஆனாலும் என்னுடையது. எட்டாவது மாதம் அம்மாவின் தமையன் கொழும்பிலிருந்து வந்தார். அறை மாமாவுக்குப் போயிற்று, நான் தம்பியின் அறையில் தரையில் போட்ட மெத்தைக்குப் போனேன். ஒன்பது வயதில் பிடித்த அந்த எரிச்சல் இதை எழுதும்போதும் முழுதாக அடங்கவில்லை.

மாமாவுக்குக் கொழும்பில் ஒரு புடைவைக் கடை இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் மற்றத் தமிழர் கடைகளோடு அதையும் எரித்துவிட்டார்கள். பிள்ளைகளான எங்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். அந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் லண்டனில் இத்தனை பேரின் உயிரை வாங்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வந்த கிழமையே, வாசல் கதவில் அம்மா கட்டியிருந்த பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணத்தைக் கழற்றி எறிந்தார். உள்ளே இருப்பவர்கள் யார் என்று அது காட்டிக் கொடுத்துவிடுமாம். அடுத்த கிழமை என் அலுமாரியிலிருந்த உடுப்புகளை அள்ளி வெளியே வைத்துவிட்டு அரிசி மூட்டை, மீன் ரின், மெழுகுதிரி, டோர்ச் பற்றரி என்று அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை வேறு. மாமா விசில் ஊதியதும் நானும் தம்பியும் பாஸ்போர்ட்டுகள் போட்ட பிஸ்கட் ரின்னைத் தூக்கிக்கொண்டு, பின்வளவு வேலியில் ஏறிப் பக்கத்து வீட்டுக்குள் குதிக்க வேண்டும். அந்தப் பக்கம் வெள்ளைக்காரக் கிழவி ஒருவர் ரோசா வளர்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஞாயிறு அவர் முறிந்த கொப்புகளோடு எங்கள் கதவைத் தட்டினார். அப்பா மன்னிப்புக் கேட்டு ஒரு பை முறுக்கும் கொடுத்து அனுப்பினார். மாமா திருந்தவில்லை, குதிக்கும் இடத்தை இரண்டடி தள்ளி வைத்தார்.

“அண்ணை, இது லண்டன்” என்று அம்மா சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

“கொழும்பும் கொழும்பாத்தான் இருந்தது” என்பார் மாமா.

ஆவணி மாதத்தில்தான் துவக்கு வாங்கும் யோசனை வந்தது. மாமாவுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு, ஆனால் இங்கிலீஷ் வராது. ஆகவே ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டு ஹை ரோட்டிலிருந்த துவக்குக் கடைக்குப் போனார். அங்கே ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, நிறை பார்த்து, குழலுக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்து, புடைவைக் கடைக்கு வந்த கலியாணப் பெண்ணைப்போல எதிலும் திருப்திப்படாமல் நின்றார். கால் உளைந்து நான் நிலத்திலேயே இருந்துவிட்டேன். கடைசியில் இரட்டைக் குழல் துவக்கு ஒன்று பிடித்துவிட்டது. அதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று கடைக்காரர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மாமா அதை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“பொலிஸிட்டைக் கேட்டு வாங்கிற துவக்கு எனக்கு என்னத்துக்குப் பிள்ளை?”

அனுமதி தேவைப்படாதது எயார் ரைபிள் ஒன்றுதான். காற்றின் வேகத்தில் சின்ன ஈயக்குண்டு பாயும், வேலியில் வைத்த வெறும் தகரப் பேணியை விழுத்தலாம். ஊரே திரண்டு வந்தால் அதை வைத்து என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. கடைக்காரர் ஒரு சின்னப் போத்தல் எண்ணெயை எடுத்து நீட்டி, இதைத் தவிர வேறெதையும் போடக்கூடாது, மாதத்துக்கு இரண்டு துளி போதும் என்றார். அதையும் சொன்னேன்.

“சொல்லுவான்தானே. நானும் கடை வைச்சிருந்தனான்” என்று மாமா போத்தலைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு துவக்குக்கும் எனக்கும் ஒரே எண்ணெய்தான். ஒத்திகை முடிந்ததும் மாமா பேப்பரை விரித்து, அம்மாவின் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்ப்பார். இரண்டு துளியா? குழல், விசை, இடுக்கு என்று கண்ட இடமெல்லாம் தலைமுழுக்குக்கு வார்ப்பதுபோல் வார்ப்பார். பிறகு, அவசரத்துக்குக் கைக்கு எட்ட வேண்டும் என்று வாசலில் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையில் குடைகளுக்குப் பின்னால் சாத்தி வைப்பார். அந்த இடத்தில் ஹீட்டர் கிடையாது. ஐப்பசி வந்ததும் அம்மா காலையில் எனக்குத் தலை இழுத்துப் பின்னமுன், வெள்ளைக் கட்டியாகிவிட்ட எண்ணெய்ப் போத்தலை ஹீட்டருக்கு மேல் வைத்து உருக்கத் தொடங்கினார். அதை நான் பார்த்தேன், மாமாவும் பார்த்தார். எங்களில் ஒருவருக்காவது துவக்கின் ஞாபகம் வந்திருக்கலாம், வரவில்லை.

நவம்பர் தொடக்கம். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. அப்பா பெற்றோல் ஷெட்டில் ஷிப்டில் நின்றார், அம்மா குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். ஒரு கிழமையாகவே தெருவில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மாமா எழும்பி லைட்டை அணைப்பார், நான் வீட்டுப்பாடத்தோடு போய் மறுபடி போடுவேன். அப்போது கதவு தட்டப்பட்டது.

தெருப் பிள்ளைகள் நாலு பேர். முன்னால் நின்றவன் என் வகுப்புப் பெடியன். பழைய காற்சட்டையும் கோட்டும் மாட்டிப் பேப்பர் அடைத்துச் செய்த ஒரு ஆளுருவத்தைக் குழந்தை வண்டியில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். இங்கே அது வழக்கம். அதைக் காட்டி வீடு வீடாகச் சில்லறை சேர்த்து, வெடி கொளுத்தும் திருநாளான ஐந்தாம் திகதி நெருப்பில் போட்டுக் கொளுத்துவார்கள்.

“என்னவாம்?” என்று கேட்டார் மாமா.

“இந்த மனிசனை எரிக்கக் காசு கேக்கினம்” என்றேன் நான். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு.

மாமா குடைகளுக்குப் பின்னால் கையை விட்டார். துவக்கு வெளியே வந்தது. என் வகுப்புப் பெடியனின் முகத்துக்கு நேரே அது நின்றதையும், மாமாவின் விரல் விசையை இழுத்த இழுப்பில் வெளிறியதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விசை அசையவில்லை. மறுபடி இழுத்தார். தேங்காயெண்ணெய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பொரிக்கிற கரண்டியோடு ஓடிவந்த அம்மாதான் குழலைத் தட்டிவிட்டார். பிள்ளைகள் வண்டியையும் ஆளையும் விட்டுவிட்டுப் பறந்துவிட்டார்கள்.

அரை மணித்தியாலத்தில் ஒரு பொலிஸ்காரர் வந்தார். மாமா படியடியில் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வெறுமையாக முன்னால் நீட்டிக் காட்டினார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பொலிஸ்காரர் துவக்கை மடித்துப் பார்த்து, விரலில் ஒட்டிய வெள்ளையை மணந்து பார்த்து, என் பின்னலைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இதால் ஒரு எலியைக்கூடச் சுட முடியாது, ஆனாலும் பிள்ளைகளுக்கு நேரே நீட்டியது பாரதூரமான விஷயம், இதை நான் கொண்டுபோகிறேன், அவர்களின் பெற்றோரோடும் பேசுகிறேன் என்றார். பிறகு குனிந்து, மிக அன்பாக, மாமாவிடம் சொல்லும்படி என்னிடம் ஒன்று சொன்னார். நான் சொன்னேன்:

“மாமா, இஞ்சை துவக்கு ஒண்டும் தேவையில்லையாம். ஆரும் பிரச்சினைக்கு வந்தால் போன் அடிக்கட்டாம். அஞ்சு நிமிஷத்தில பொலிஸ் வருமாம்.”

மாமா என்னைப் பார்த்தார், பொலிஸ்காரரைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் கண்டதில்லை. படியில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வழியச் சிரித்தார். பிரச்சினை தீர்ந்தது என்ற சந்தோஷத்தில் பொலிஸ்காரரும் சிரித்தார். அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

கடை எரிந்தபோது எதிர்ப்பக்கத்தில் ஒரு பொலிஸ் ஜீப் நின்றது என்பதையும், உள்ளே இருந்தவர்கள் சிகரெட் குடித்தபடி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அம்மா எனக்குச் சொன்னது, நான் யூனிவர்சிட்டிக்குப் போன பிறகுதான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. என் தமிழில்தான் ஏதோ பிழை வந்துவிட்டது, அதைக் கேட்டு இந்த மனிதர் சிரிக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆகவே அவருக்கு முன்னால் போய் நின்று, காது கேட்காதவருக்குச் சொல்வதுபோல உரத்துச் சொன்னேன்.

“பொலிஸ் வருமாம், மாமா!”

மாமா சிரிப்பை நிறுத்திச் இடுப்புச் சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

“ஓம் பிள்ளை” என்றார். “வருவினம்.”