என் கன்னத்து நியூக்ளியஸ்

ராமநாதபுரத்தில் டாக்டர் என் உள்கன்னத்துப் புகையிலைப் புண்ணைச் சுரண்டியபோது, வாயில் பழைய விளக்குமாற்றுக் குச்சி கசந்தது.

சிறுவயதில் கமுதிப் பள்ளியில் அறிவியல் வாத்தியார், செல்லைக் காட்ட, கன்னம் உப்பியவன் என்று என்னைத்தான் பிடித்தார். விளக்குமாற்றுக் குச்சியால் உள்கன்னத்தை வழித்துக் கண்ணாடித் துண்டில் தடவினார். சாயம் இல்லாததால் பேனா மையை ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

“ஏலே, உசுருள்ள எல்லாத்துலயும் செல் இருக்கு. நடுவுல நியூக்ளியஸ், அதான் செல்லுக்கு மூளை. அட, இவனுக்கும் இருக்குடா! ஆனா ரொம்பச் சிறுசு.”

வகுப்பே வரிசையில் வந்து என் மூளையைப் பார்த்துச் சிரித்தது. பள்ளி முடியும்வரை என் பெயர் ‘சிறுசு’.

இன்று ரிசல்ட் வந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “கேன்சர்தான் சார். நியூக்ளியஸெல்லாம் ரொம்பப் பெருசாயிருச்சு.”

வாத்தியார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டியதுதான்.