கீபோர்டில் ஒட்டிய அட்டை

கோவில்பட்டி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே இன்னொருத்தியும் டைப் அடித்தாள். நானும் அவளும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். மதியம் என் குழம்பில் பாதி அவளுக்கு, அவள் பொரியலில் பாதி எனக்கு.

மூன்றாம் வருடம் பட்டா மாறுதல் மனுக்களில் பிழை வரத் தொடங்கியது. சர்வே எண்ணில் ஓர் எண் கூடுதலாக விழுந்திருக்கும். மனு திரும்பி வந்ததும், யார் எதை அடித்தது என்று குறித்துவைக்கும் நோட்டைக் கடைக்காரர் புரட்டுவார். என் பெயர்தான் இருக்கும். நோட்டை எழுதுவது அவள். எங்கள் இருவரில் கையெழுத்து அவளுக்குத்தான் அழகு.

"கை பட்டு விழுதும்மா. வளையலைக் கழத்தி வச்சிட்டு அடி" என்றார் கடைக்காரர்.

கழற்றினேன். ஒரு நாளைக்கு அத்தனை மனு அடிக்கும் எனக்கு எது நான் அடித்தது என்று நினைவிருக்காது. அதனால் நம்பினேன். மணிக்கட்டைத் தூக்கியே வைத்து அடித்ததில் தோள் வரை வலித்தது. வீட்டில் சோறு பிசையும்போதுகூட என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் வழி சொன்னாள். தீப்பெட்டி செய்யும் ஆபீசில் அட்டை வாங்கி வந்து, அளவெடுத்து வெட்டி, என் கீபோர்டின் வலதுபக்க எண் பட்டன்களை மூடி டேப் ஒட்டினாள்.

"ஏட்டி, இனி கை எங்கன பட்டாலும் ஒண்ணும் விழாது. எண்ணுக்கு மேல் வரிசையை வச்சுக்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்துக் கயத்தாறுப் பக்கத்து விவசாயி ஒருவர் மனுவோடு வந்தார். அதே பிழை. நோட்டில் என் பெயர். மனுவின் தேதியைப் பார்த்தேன். அன்று நான் லீவு. மணியாச்சியில் சித்தி மகள் நிச்சயதார்த்தத்தில் இருந்தேன்.

"இதை யாரு அடிச்சாவ அண்ணாச்சி?" என்று அவரிடமே கேட்டேன்.

"அந்தா இருக்காவள்ளா, அவியதான்" என்று அவளைக் காட்டினார்.

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. சாயங்காலம் படியிறங்கும்போது, தன் பிழையையெல்லாம் ஏன் என் பெயரில் எழுதினாள் என்று கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"உனக்கு வீட்டுக்காரரு சம்பளம் இருக்கு. எனக்கு இந்த வேலையை விட்டா ஒண்ணுமில்ல. நீ வெளிய சொல்ல மாட்டன்னு தெரியும்."

சொன்னேன். மறுநாள் காலையிலேயே கடைக்காரரிடம் தேதியையும் நோட்டையும் காட்டினேன். அவர் நோட்டைத் தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டார். "சரி விடும்மா, ரெண்டு பேரும் ஒழுங்காப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் நின்றுவிட்டேன். இப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருக்கிறேன். நன்றாகத்தான் அடிக்கிறேன். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். "நல்லாருக்கியா?" என்றாள். தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். அந்த அட்டையை எந்த மனதோடு வெட்டினாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கப் பிடிக்கவில்லை.